முப்பது மீட்டருக்குள் பட்டம்மாள்

கடலூர் டாக்டர் என் முழங்கால் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆபரேஷனை நல்லா பண்ணித் தர்றது என் பொறுப்பும்மா. அதுக்கப்புறம் ஆயுசுக்கும் நீங்க குந்தி உக்காரக் கூடாது. வீட்ல வெஸ்டர்ன் டாய்லெட் இருக்குதா?" என்று கேட்டார்.

இல்லை. எங்களுக்கு இருந்தது பழைய கக்கூஸ். அதுவும் போன ஐப்பசி மழையில் குழி சரிந்து, சுவர் விரிசல் விட்டு, உள்ளே போனவர் திரும்பி வருவாரா என்று வெளியே நிற்பவர் கவலைப்படும் நிலையில் இருந்தது. ஆபரேஷனுக்கு ஐந்து வாரம் இருந்தது. பழசை இடித்துவிட்டு, பக்கத்தில் புதுக் குழி வெட்டி, சிமெண்ட் உறை இறக்கி, மேலே நாற்காலி மாதிரி ஒரு பீங்கானை வைக்க வேண்டும். பதினெட்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்றான் கொத்தனார் செம்பியன். முடித்தும் தந்திருப்பான். நடுவில் என் வீட்டுக்காரருக்கு நாட்டுப்பற்று வந்துவிட்டது.

என் பெயர் பட்டம்மாள். இருபத்தெட்டு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பதிவேடு எழுதுவதுதான் என் வேலை என்று அரசாங்கம் நினைத்துக்கொண்டிருந்தது. அரிசி மூட்டையை நகர்த்தியதும், அண்டாவை இறக்கியதும், முழங்காலைத் தொலைத்ததும் நான். என் வீட்டுக்காரர் சபாபதி, சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அடுத்தவர் மனுக்களை இருபது வருஷமாக நகல் எடுத்து எடுத்து, அரசாங்கம் சொல்வதெல்லாம் நடக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு எப்படியோ வந்துவிட்டது. எங்கள் வீடு பிச்சாவரம் போகும் ரோட்டில், ஒரு சின்ன ஊரில் இருக்கிறது.

பழசை இடித்த மூன்றாம் நாள், ஆறடி ஆழத்தில் செம்பியனின் கடப்பாரை எதிலோ பட்டது. மண்ணை விலக்கிப் பார்த்தால், சுடுமண்ணால் செய்த வட்ட உறை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கீழே போய்க்கொண்டே இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"மச்சான், இத மண்ணத் தள்ளி மூடிட்டு, ரெண்டடி தள்ளிக் குழி போட்டுக்கலாம்," என்றான் செம்பியன். "நம்ம ஊருல எல்லாரும் அதான் பண்றாங்க. நானே ஏழு வூட்ல மூடியிருக்கேன்."

"அரசாங்கத்துக்குச் சொல்லாமயா?" என்றார் இவர்.

செம்பியன் என்னைப் பார்த்தான். நான் செம்பியனைப் பார்த்தேன். இவர் அதற்குள் உள்ளே போய் ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்து வந்துவிட்டார். தொன்மைப் பாதுகாப்பு இயக்ககத்தின் 'மண்ணுக்குள் மாண்பு' திட்டம். "உங்கள் நிலத்தில் பழம்பொருள் கிடைத்தால் மறைக்காதீர்! ஒரு போன் போதும்! மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்!" இவர் கடையில்தான் இரண்டாயிரம் நகல் எடுத்தார்கள். அத்தனை நகல் எடுத்ததில் இவருக்கு மனப்பாடமே ஆகியிருந்தது.

"மாமா, கையெடுத்துக் கும்பிடறேன், வேணாம். முதல்ல என் கால் முடியட்டும்," என்றேன்.

"இல்ல பட்டு, ரெண்டே நாள்ல வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. நமக்கு ஒரு சர்டிபிகேட்டும் தருவாங்களாம்," என்று சொல்லிக்கொண்டே போனைப் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இயக்ககத்தின் ஜீப் வாசலில் நின்றது. எங்கள் ஊருக்கு அரசாங்கம் இவ்வளவு சீக்கிரம் வந்தது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஜீப்பை ஓட்டி வந்தவர், இறங்கியவர், கதவைச் சாத்தியவர் எல்லாம் ராஜ்கமல் என்ற ஒரே ஆள். பதவி கள உதவியாளர். நல்ல பையன் மாதிரிதான் தெரிந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். குழியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினான். பிறகு ஒரு படிவத்தை நீட்டினான்.

"இதுல எல்லாம் நீங்கதான் சார் நிரப்பணும். கண்டெடுத்தவர் பேரு, இடம், பொருள், காலம்."

"காலம்னா? நான் கண்டெடுத்த தேதியா?"

"இல்ல சார். அந்த உறை எந்தக் காலத்ததுன்னு."

"அது எனக்கு எப்படித் தம்பி தெரியும்? நீங்கதானே சொல்லணும்?"

"நிபுணர் குழு வந்து சொல்லும் சார். குழு வரணும்னா இந்தப் படிவம் போகணும். காலம் போடாம படிவம் போகாது."

என் வீட்டுக்காரர் அரை மணி நேரம் பேனாவைக் கடித்து யோசித்து, 'என் அப்பாவுக்கு முன்னால்' என்று எழுதினார். அடுத்த கட்டத்தில், 'தோண்டியதன் நோக்கம்' என்று இருந்தது. அதில் 'மனைவியின் வலது கால்' என்று எழுதினார். ராஜ்கமல் இரண்டையும் படித்துப் பார்த்துத் திருப்தியோடு மடித்து வைத்துக்கொண்டான்.

நான்கு நாள் கழித்து ஏ.டி. எனப்படும் உதவி இயக்குநர் வந்தார். பெயர் ராஜகணேஷ். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உறையைப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார், மறுபடி கழற்றிக்கொண்டார். பிறகு ராஜ்கமலை டேப் பிடிக்கச் சொன்னார். உறையின் நடுப்புள்ளியிலிருந்து நாலா பக்கமும் முப்பது மீட்டர். அந்த வட்டத்துக்குள் எங்கள் கொல்லை வந்தது, கிணறு வந்தது, வீடு முழுதாக வந்தது, பின்வீட்டுக் கோழிக்கூண்டு பாதி வந்தது. வாசல் தாண்டி நாலாவது வீடான ஞானாம்பாள் வீட்டுப் படிக்கட்டுக்கு அரை அடி முன்னால் டேப் நின்றது.

"இதுக்குள்ள ஒரு ஊசி கூட மண்ணுல இறங்கக் கூடாது," என்றார்.

"சார், எனக்கு அடுத்த மாசம் கால் ஆபரேஷன். கக்கூஸை இடிச்சுட்டோம். புதுசு கட்டணும். வேற எந்த மூலையிலயாவது ஒரு குழி போட்டுக்கறோம், விடுங்க சார்," என்றேன்.

அவர் என்னை மிகுந்த கருணையோடு பார்த்தார். "கால் எல்லாருக்கும் இருக்குதும்மா. உறை எல்லாருக்கும் இருக்குதா? நீங்க பெருமைப்படணும். நேத்து வரைக்கும் நீங்க சும்மா பட்டம்மாள். இன்னிக்கு நீங்க ஒரு தொன்மைக் களத்துல வசிக்கறீங்க. எனக்கெல்லாம் இந்தக் கொடுப்பினை இல்ல. நான் அபார்ட்மெண்ட்ல மூணாவது மாடியில இருக்கேன்."

"மாத்திக்கலாமா சார்?" என்று கேட்டேன். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

கொல்லையில் ஒரு துணி காயப்போடும் கம்பம் இருந்தது. அதைப் பார்த்ததும் உதவி இயக்குநரின் முகம் மாறியது. விதிப்படி அந்தக் கம்பம் அங்கே இருக்கக் கூடாது. ஆனால் பிடுங்கினால் மண் கிளறப்படும், அதுவும் கூடாது. பத்து நிமிஷம் யோசித்து ஒரு முடிவு சொன்னார். கம்பம் இருக்கலாம், துணி காயப்போடக் கூடாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் துணிகள் ஹாலில் காய்கின்றன.

அதற்கடுத்த வாரம் போர்டு வந்தது. நீல நிறத்தில் ஆறடிக்கு நாலடி இரும்புப் பலகை. "பாதுகாக்கப்பட்ட தொன்மைக் களம். இங்கு தோண்டுவது தண்டனைக்குரிய குற்றம்." அதை நடுவதற்கு இரண்டு ஆள் வந்து, கடப்பாரையால் மூன்றடி ஆழத்துக்கு இரண்டு குழி தோண்டினார்கள். எங்கே தோண்டினார்கள் என்றால், போட்டோவில் உறையும் போர்டும் சேர்ந்து விழ வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம், உறைக்கு ஒரு சாண் பக்கத்தில். இரண்டாவது குத்தில் மண் சரிந்து 'டொக்'கென்று ஒரு சத்தம். ஆறடியில் இருந்த உறையின் விளிம்பு, உள்ளங்கை அகலத்துக்கு உடைந்து உள்ளே விழுந்தது.

எல்லோரும் கொஞ்ச நேரம் குழிக்குள் பார்த்தார்கள். பிறகு ராஜ்கமல் ஒரு தாளை எடுத்து எழுதி என் வீட்டுக்காரரிடம் நீட்டினான். "வீட்டு உரிமையாளர் முன்னர் மேற்கொண்ட பணிகளால் மேல் உறையில் சேதம் ஏற்பட்டுள்ளது" என்று அதில் இருந்தது. இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"ஏன் மாமா போட்டீங்க? நம்ம கண்ணு முன்னாடிதானே ஒடைச்சாங்க?"

"பேனாவத் தொறந்து கையில குடுத்தாங்க பட்டு. எப்படி மாட்டேன்னு சொல்றது?"

இந்த மனுஷனோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்தியதற்கு எனக்குத்தான் ஒரு போர்டு வைத்திருக்க வேண்டும்.

அதுவரைக்கும் இருட்டில் கருவேலங்காட்டுப் பக்கம் ஒதுங்கிச் சமாளித்தோம். ஆபரேஷன் தேதியைத் தள்ளிப்போட முடியவில்லை. காப்பீட்டில் அனுமதி வாங்கியிருந்தோம். தள்ளினால் மறுபடி முதலிலிருந்து வரச் சொன்னார்கள். கடலூர் போய்ப் படுத்தேன். புது முழங்கால் வைத்து அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த எட்டு நாளும் கழிவறை பக்கத்திலேயே இருந்தது. அதை விட்டு வர மனசே இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ், "வீட்டுக்குப் போறதுக்கு ஏம்மா அழறீங்க?" என்று கேட்டாள்.

வீட்டில் இவர் நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும் அடியில் ஒரு வாளியும் வைத்திருந்தார். ஒரு வாரம் பொறுத்துக்கொண்டேன். கட்டிய புருஷன் தினமும் அந்த வாளியைத் துண்டு போட்டு மூடி எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்க எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. அவர் ஒரு வார்த்தை சலித்துக்கொள்ளவில்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக வந்தது.

அப்புறம் ஞானாம்பாள் வீடுதான். அவள் மகன் துபாயிலிருந்து வந்து கட்டிக்கொடுத்த வெஸ்டர்ன். வாக்கரைத் தூக்கி வைத்து, காலை எடுத்து வைத்து, நாலு வீடு தாண்டுவதற்குக் கால் மணி நேரம். போகும்போது தெருவே பார்க்கும். வரும்போதும் பார்க்கும். "என்னக்கா, இன்னிக்கு ரெண்டாந்தடவையா?" என்று அக்கறையோடு விசாரிப்பார்கள். முதல் வாரம் ஞானாம்பாள் காபி கொடுத்தாள். இரண்டாம் வாரம் காபி நின்றது. மூன்றாம் வாரம் கதவு திறக்க நேரமானது. நாலாம் வாரம் அவள் மருமகள், "அத்தை, காலைல ஏழுலேர்ந்து எட்டரை வரைக்கும் மட்டும் வேணாம். பசங்க ஸ்கூல் கெளம்பற நேரம்," என்றாள். அவளைத் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் என் வயிறு அவர்கள் ஸ்கூல் நேரத்தைக் கேட்டுக்கொண்டா வேலை செய்கிறது? ராத்திரி சாப்பாட்டைக் குறைத்தேன். தண்ணீரைக் குறைத்தேன். ஐம்பத்தெட்டு வயதில், எப்போது எதைக் குடித்தால் எப்போது நடக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதற்கிடையில் பிச்சாவரத்துக்குப் படகு ஏறப் போகிறவர்கள் போர்டைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்த ஆரம்பித்தார்கள். கொல்லைக்குள் வந்து குழியைப் படம் எடுப்பார்கள். பிறகு, "டாய்லெட் எங்கம்மா இருக்கு?" என்று என்னிடம் கேட்பார்கள். நான் ஞானாம்பாள் வீட்டைக் காட்டுவேன். அவளுக்கு என் மேல் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது.

இவர் மனு எழுதினார். திங்கட்கிழமை கடலூர் போய் கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்று கொடுத்தார். மனு மூன்று மேசை ஏறி இறங்கி, 'தகுந்த நடவடிக்கைக்காக' என்று யாரைப் பற்றிய மனுவோ அந்த ராஜகணேஷிடமே போய்ச் சேர்ந்தது. அவர் பதில் எழுதினார். "மனுதாரரின் கோரிக்கை தனிநபர் வசதி சார்ந்தது. தொன்மை பொதுநலம் சார்ந்தது. எனினும் மனுதாரருக்குக் கழிவறை இல்லை என்பதற்குக் கழிவறைத் திட்ட அலுவலகத்தின் சான்று இணைத்தால் பரிசீலிக்கப்படும்."

இவர் கழிவறைத் திட்ட அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த அம்மா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, "உங்க ஊரு முழுக்கக் கழிவறை இருக்குது சார். நூறு சதவீதம். விருதே வாங்கியிருக்கோம்," என்றார்.

"எங்க வீட்ல இருந்துச்சும்மா. இடிச்சுட்டோம்."

"இடிக்க அனுமதி வாங்குனீங்களா?"

"இல்லையே."

"அப்ப இடிக்கல சார். ரெகார்டுல நிக்குது."

"நீங்க வேணா வந்து பாருங்களேம்மா."

"நான் வந்து பார்த்து, இல்லன்னு எழுதுனா ஊரு தொண்ணூத்தொம்பது சதவீதம் ஆயிடும். உங்க ஒருத்தர் வீட்டுக்காக ஊரு மானம் போகணுமா சார்?"

ஊர் மானத்தைக் காப்பாற்றிவிட்டு இவர் பஸ் ஏறி வந்தார். வரும்போது தொன்மை இயக்ககத்தின் விதிப் புத்தகம் ஒன்றைக் கையில் கொண்டு வந்தார். அவர்கள் ஆபீசிலிருந்து இவர் கடைக்கு நகல் எடுக்கக் கொடுத்தார்களாம். நமக்கும் ஒன்று இருக்கட்டுமே என்று எடுத்துக்கொண்டாராம். அறுபத்திரண்டு பக்கம். படுத்தபடியே முழுதும் படித்தேன். இருபத்தெட்டு வருஷம் சுற்றறிக்கை படித்தவளுக்கு அது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

கடைசியில் நிபுணர் குழு வந்தது. தலைவர், ஓய்வு பெற்ற பேராசிரியர் ராஜசபேசன். சிதம்பரத்துக்காரர், எழுபது வயது, வெள்ளை வேட்டி. அவரோடு நாலைந்து ஆபீசர்கள், போட்டோக்காரர், சால்வைகள். எங்கள் கொல்லையில் ஷாமியானா போட்டார்கள். ஷாமியானாவுக்கு எட்டுக் குழி தோண்டினார்கள். அது தற்காலிகத் தோண்டல் என்பதால் விதியில் வராதாம்.

பேராசிரியர் மூன்று நாள் உட்கார்ந்து மண்ணைத் துளித் துளியாக விலக்கச் சொன்னார். அவர் நல்ல மனுஷர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் நாள் மத்தியானம் உறைக்குப் பக்கத்தில் ஒரு பலகைக் கல் வெளிப்பட்டது. அதில் நடுவில் ஓட்டை. ஓட்டைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பாதம் வைக்கிற அளவுக்கு மேடு செதுக்கியிருந்தது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது குடிதண்ணிக் கெணறு இல்ல! இது கழிவுக் குழி! இந்தக் கல்லு மேல ஏறிக் குந்தியிருக்காங்க! ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முந்தி, இந்த இடத்துல, ஒரு வீட்டுக் கொல்லையில, கழிவறை இருந்திருக்கு!"

கைதட்டல் காதைப் பிளந்தது. ராஜகணேஷ் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"நண்பர்களே! உலகம் காட்டுக்கும் மேட்டுக்கும் ஒதுங்கிக்கிட்டு இருந்த காலத்துல, நம்ம தமிழன் தன் வீட்டுப் பெண்களுக்குக் கொல்லையிலயே கழிவறை கட்டிக் குடுத்திருக்கான்! எப்பேர்ப்பட்ட நாகரிகம்! எப்பேர்ப்பட்ட மனிதாபிமானம்! ஒரு பொம்பளை அவசரத்துக்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டக் கூடாதுங்கற அந்த உணர்வு! இதைப் பாதுகாக்கறதுக்காக என் உயிரையும் குடுப்பேன்!"

நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஷாமியானா ஓரத்தில் நின்றிருந்தேன். காலையிலிருந்து கூட்டம் வழியை அடைத்திருந்ததால் ஞானாம்பாள் வீட்டுக்கு ஒரு தடவைகூடப் போக முடியவில்லை. அடிவயிறு கல்லாகக் கனத்தது. அந்த நேரத்தில் அந்தப் பேச்சைக் கேட்க எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"சார், அந்தப் பொம்பளைக்கு இருந்துச்சு. எனக்கு எங்க சார்?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ராஜகணேஷ் மைக்கிலேயே சிரித்தார். "இந்த அம்மாதான் வீட்டுக்காரம்மா. கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க."

"நான் ஒண்ணும் உணர்ச்சிவசப்படல சார். உங்க விதிப் புத்தகத்துல பிரிவு பதினாலைப் படிங்க. பாதுகாக்கப்பட்ட எடத்துல அதோட மூலப் பயன்பாடு தொடர்ந்து நடக்கலாம்னு போட்டிருக்குது. கோயில்னா பூசை நடக்கலாம். குளம்னா குளிக்கலாம். அய்யா இப்ப என்ன சொன்னாரு? இது கக்கூஸுன்னு சொன்னாரு. அப்ப கக்கூஸாவே இருக்கட்டும். நான் பக்கத்துல எங்கயும் தோண்டல. இதுலயே பைப்பை எறக்கி மேல வெஸ்டர்ன் வச்சுக்கறேன்."

ராஜகணேஷ் மைக்கை இறக்கிவிட்டார். பேராசிரியர் என்னையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா சொல்றது விதிப்படி சரிதான் போலருக்கே," என்றார் மெல்ல. என் வீட்டுக்காரர் தனியாகக் கைதட்டினார். எனக்கு ஐம்பது நாளில் முதல் தடவையாக நெஞ்சு நிறைந்தது. அன்றைக்கு ஞானாம்பாள் வீட்டுக்கு நான் நடந்த நடையில் வாக்கரே தேவைப்படவில்லை என்று இவர் இன்றும் சொல்கிறார்.

ஒன்பது வாரத்தில் ஆணை வந்தது. பதிவுத் தபால், நான்கு பக்கம். நான் உரக்கப் படித்தேன், இவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிரிவு பதினான்கின்படி, மேற்படி தொன்மைக் களத்தின் மூலப் பயன்பாட்டைத் தொடர, திருமதி பட்டம்மாள் என்பாருக்கு இதன்மூலம் அனுமதி வழங்கப்படுகிறது."

"பாத்தியா! நான் சொல்லல? அரசாங்கம் கேக்கும் பட்டு, மெதுவாத்தான் கேக்கும்," என்று இவர் செம்பியனுக்குப் போன் போட எழுந்தார்.

"இருங்க மாமா. நிபந்தனைன்னு ஒண்ணு இருக்குது."

நிபந்தனைகள் அடுத்த மூன்று பக்கத்துக்கு இருந்தன. மூலப் பயன்பாடு மூல முறையிலேயே அமைய வேண்டும். பீங்கான், பைப், சிமெண்ட் கூடாது. பார்வையாளர் நேரமான காலை ஒன்பது முதல் மாலை ஐந்தரை வரை பயன்படுத்தக் கூடாது. அகழாய்வில் சுவர் இருந்ததற்கான சான்று கிடைக்காததால், மறைப்பு எதுவும் எழுப்பக் கூடாது. கடைசி நிபந்தனை தடித்த எழுத்தில் இருந்தது. "கல்லில் உள்ள பாதத் தடங்களில் கால் பதித்து, குந்திய நிலையில் மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும். இது மாதம் ஒருமுறை நேரில் உறுதி செய்யப்படும்."

இவர் உட்கார்ந்துவிட்டார். நான் அழவில்லை. அழுவதற்கும் தண்ணீர் குடித்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் முதல் தேதி ராஜ்கமல் ஜீப்பில் வந்தான். கையில் ஒரு படிவம். என் முகத்தைப் பார்க்காமல் துணி காயப்போடும் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னா ராஜ்கமல், உறுதி செய்ய வந்தியா?"

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. குந்திய நிலை, ஆம், இல்லைன்னு ரெண்டு கட்டம் இருக்குது. ஒண்ணுல டிக் அடிச்சு ரெண்டு மணிக்குள்ள ஏ.டி. சாருக்கு அனுப்பணும்."

"நான் குந்திக் காட்டணுமா?"

"படிவத்துல அப்படித்தான்க்கா இருக்குது."

"புது முட்டி வச்சிருக்கற பொம்பளைய, தெரு பாக்க, மறைப்பு இல்லாம, கல்லு மேல குந்தச் சொல்லி எழுதுனவர் யாருடா? அந்த ராஜகணேஷ்தானே? அவர வரச் சொல்லு. முதல்ல அவர் குந்திக் காட்டட்டும். நான் டிக் அடிக்கறேன்."

"அவரால முடியாதுக்கா." ராஜ்கமல் பாவமாகச் சொன்னான். "அவருக்கு ரெண்டு முட்டியும் போச்சு. ஆபீஸ்லயே அவருக்குன்னு தனியா வெஸ்டர்ன் போட்டிருக்கோம்."

"எந்த ஆபீஸ்ல?"

"கடலூர்ல, நம்ம ஆபீஸ்லதான். வெள்ளைக்காரக் கும்பினி காலத்து பங்களாக்கா அது. இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அதுவும் பாதுகாக்கப்பட்டதா?"

"ஆமாக்கா, போர்டே இருக்குது. சுவத்துல ஆணி கூட அடிக்கக் கூடாது."

"அப்ப குழி எப்படிப் போட்டீங்க?"

ராஜ்கமல் தலையைச் சொறிந்தான். "அனுமதி குடுக்கற ஆபீசரு அவருதானேக்கா. காலைல அவரே விண்ணப்பம் போட்டாரு. உடம்பு முடியாதவரு, மனிதாபிமான அடிப்படைன்னு எழுதி, மத்தியானம் அவரே கையெழுத்துப் போட்டுட்டாரு. பதினோரு நாள்ல வேலை முடிஞ்சிடுச்சு. டைல்ஸ் எல்லாம் நல்லாருக்கும்க்கா. பிடிச்சு எந்திரிக்க ரெண்டு பக்கமும் கம்பி கூட வச்சிருக்குது."

நான் உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டேன். ஆணையை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே முழுதும் குடித்தேன். பல வாரத்துக்குப் பிறகு தொண்டை நனைய அன்றைக்குத்தான் தண்ணீர் குடித்தேன். இவர் பதறிப்போய், "எங்க பட்டு கெளம்பற?" என்றார்.

"நீங்க கடையைப் பாருங்க மாமா," என்று சொல்லிவிட்டு, வாக்கரை ஜீப்பின் பின்சீட்டில் போட்டேன். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"அக்கா, எங்கக்கா போகணும்?" என்றான் ராஜ்கமல்.

"கடலூருக்கு. உங்க ஏ.டி. ஆபீசுக்கு."

"சாரைப் பாக்கவா?"

"அவர் எனக்கு எதுக்கு? வண்டியை எடு."

எங்கள் ஊரிலிருந்து கடலூர் ஒன்றே கால் மணி நேரம். அதுவரைக்கும் அடக்கிக்கொள்ள என்னால் முடியும்.